ஒரு செய்தி எதை வைத்து எழுதப்பட்டது என்று வாசகருக்குச் சொல்வது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: இணையத்தில் வரும் ஒரு செய்தியை எழுதியது யார், அது எங்கிருந்து கிளம்பி வந்தது என்பதை வாசகருக்கு வெளிப்படையாகக் காட்ட வழி இருக்கிறதா? சிறிய செய்தித் தளம் நடத்துபவர்களும் செய்யக்கூடிய வழியா?

இருக்கிறது. தேவையான கருவிகளில் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து வருடங்களாகவே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் பழக்கம்தான் வரவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதியவர் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட ஆகாது. அந்தச் செய்தி எதை வைத்து எழுதப்பட்டது என்பதுதான் வாசகருக்கு உண்மையில் தேவை. நிருபர் நேரில் போய்ப் பார்த்து எழுதினாரா, பல ஊடகங்களுக்குச் செய்தி விற்கும் ஏஜென்சி அனுப்பியதா, ஒரு நிறுவனம் கொடுத்த செய்திக்குறிப்பா, இன்னொரு தளத்தில் வந்ததைக் கொஞ்சம் மாற்றி எழுதியதா? இதைச் சொல்லும் தளங்கள் மிகக் குறைவு.

ஒரு தேதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதிலிருந்தே பார்க்கலாம். 2008 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் திவால் மனு கொடுத்துவிட்டதாகப் பங்குச்சந்தையில் ஒரு செய்தி பரவியது. அது 2002 டிசம்பரில் வந்த பழைய செய்தி. ஒரு நாளிதழின் இணையக் காப்பகத்தில் கிடந்த அந்தப் பக்கத்தில், செய்தி எப்போது வெளியானது என்ற தேதி இல்லை. கூகுள் நியூஸின் தானியங்கி நிரல் அதை எடுத்து, புதுச் செய்தியாகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கிருந்து ஒரு முதலீட்டுத் தகவல் சேவைக்குப் போய், அதன் வழியாகப் பங்கு வணிகர்கள் பார்க்கும் ப்ளூம்பெர்க் திரைகளில் தலைப்பாக ஓடியது. 12 டாலரை ஒட்டி இருந்த பங்கு, சில நிமிடங்களில் 3 டாலர் வரை சரிந்து, வர்த்தகத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இதில் யாரும் பொய் எழுதவில்லை. எழுதப்பட்ட காலத்தில் அந்தச் செய்தி உண்மைதான். பக்கத்தில் ஒரே ஒரு வரி இல்லாததால் வந்த வினை.

அச்சு நாளிதழில் இப்படி நடப்பது கடினம். நாளிதழின் பெயர், தேதி, அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கும். ஒரு செய்தியை வெட்டி எடுத்தால்கூட, அது ஏதோ ஒரு நாளிதழின் துண்டு என்பது பார்த்தவுடன் தெரியும். இணையத்தில் ஒவ்வொரு செய்தியும் தனியாகப் பிய்ந்து வருகிறது. தேடலில் வருபவர், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டுபவர், செய்தித் திரட்டியில் படிப்பவர் என எவரும் முகப்புப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அதனால் முன்பு நாளிதழ் முழுவதற்கும் சேர்த்து ஓரிடத்தில் சொல்லிவந்த விவரங்களை இப்போது ஒவ்வொரு செய்தியும் தன்னோடு சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

எழுதியவர் பெயர் போடுவது ஆதிகாலத்திலிருந்தே இருந்த வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-இல், ஜெனரல் ஜோசப் ஹூக்கர் தன் படையோடு இருந்த நிருபர்கள் செய்திகளில் பெயரிட்டே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டார். படை ரகசியம் கசிந்தாலோ தவறான தகவல் போனாலோ யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். லண்டனின் தி டைம்ஸ் 1967-இல்தான் நிருபர் பெயர்களைப் போடத் தொடங்கியது. தி எகனாமிஸ்ட் இன்றும் பெரும்பாலான கட்டுரைகளில் பெயர் போடுவதில்லை. ஆக, பெயர் இல்லாமலும் நம்பகமான இதழ் நடத்த முடியும். அங்கே நிறுவனம் தன் பெயரால் மொத்தப் பொறுப்பையும் ஏற்கிறது. பெயரும் இல்லை, பொறுப்பேற்கும் நிறுவனம் எது என்றும் தெரியவில்லை என்னும் நிலைதான் ஆபத்தானது.

பெயர் இருந்தும் ஏமாற முடியும் என்பதற்கு 2003-இல் தி நியூயார்க் டைம்ஸில் நடந்தது சாட்சி. ஜேசன் பிளேர் என்ற இளம் நிருபர், போகாத ஊர்களின் பெயரைச் செய்தியின் தொடக்கத்தில் போட்டு, நேரில் பார்த்ததுபோல எழுதிக்கொண்டிருந்தார். மற்ற நாளிதழ்களில் வந்ததையும் புகைப்படங்களில் தெரிந்ததையும் வைத்து நியூயார்க்கில் இருந்தபடியே எழுதியவை அவற்றில் பல. நாளிதழே விசாரித்து அந்த ஆண்டு மே மாதம் நீண்ட விளக்கம் வெளியிட்டது. கடைசி ஏழு மாதங்களில் அவர் எழுதிய 73 செய்திகளில் குறைந்தது 36-இல் கோளாறு இருந்ததாக அதிலேயே ஒப்புக்கொண்டது. எழுதியவர் பெயர் சரியாக இருந்தது. செய்தி எங்கிருந்து வந்தது என்ற தகவல்தான் பொய்.

இது தனி மனிதர் செய்த மோசடி. அன்றாடம் நடப்பது இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே கண்ணில் படுவதில்லை. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் அந்நாட்டின் முன்னணி நாளிதழ்களில் வந்த 2,000-க்கும் மேற்பட்ட செய்திகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 60 சதவீதம் முழுக்கவோ பெரும்பகுதியோ ஏஜென்சிச் செய்திகளிலிருந்தும் நிறுவனங்களின் மக்கள் தொடர்புக் குறிப்புகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஏஜென்சிதான் மூலம் என்று வாசகரிடம் சொன்ன செய்திகள் மிக அரிது. பலவற்றில் நாளிதழின் சொந்த நிருபர் பெயர் போடப்பட்டிருந்தது. ஏஜென்சிச் செய்தியைப் போடுவது தவறே இல்லை, அதற்காகத்தான் சந்தா கட்டுகிறார்கள். ஆனால் அதை நம் நிருபர் எழுதியதுபோலக் காட்டினால், வாசகர் ஒரு தவறான கணக்கைப் போடுகிறார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு தகவல் ஐந்து தளங்களில் வந்திருக்கிறது என்றால், ஐந்து பேர் தனித்தனியாக விசாரித்திருக்கிறார்கள் என்றுதான் நம் மனம் எடுத்துக்கொள்ளும். ஐந்தும் ஒரே ஏஜென்சிச் செய்தியின் பிரதிகள் என்றால் உண்மையில் சாட்சி ஒருவர்தான். இதைவிட மோசமான நிலையும் உண்டு. முதல் தளம் "தகவல்கள் தெரிவிக்கின்றன" என்று எழுதுகிறது. இரண்டாவது தளம் முதல் தளத்தைக் காட்டுகிறது. மூன்றாவது தளம் "ஊடகச் செய்திகளின்படி" என்கிறது. மறுநாள் முதல் தளமே, மற்ற ஊடகங்களும் உறுதி செய்துள்ளதாக எழுதிவிடுகிறது. ஒருவரும் யாரிடமும் எதையும் கேட்காமலேயே ஒரு வதந்தி 'உறுதி செய்யப்பட்ட' செய்தியாகிவிடுகிறது. எழுதியவர்கள் எல்லாரும் பெயர் போட்டிருந்தாலும் இது நடக்கும். மூலச் சங்கிலியைச் செய்தியிலேயே எழுதிவைத்தால் மட்டும்தான் இந்தச் சுழலை வாசகரால் பார்க்க முடியும். இந்தத் துறையில் நான் மிகவும் கவலைப்படும் விஷயம் இதுவே.

சரி, இதற்கு என்னென்ன முயற்சிகள் நடந்தன?

பிரிட்டனின் மீடியா ஸ்டாண்டர்ட்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பும், உலகளாவிய வலையை (www) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் ஆய்வுக் குழுவும் 2008-இல் அமெரிக்க நைட் அறக்கட்டளையின் நிதி பெற்று ஒரு திட்டத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் ஏஜென்சியும் அதில் சேர, எச்நியூஸ் என்ற தரநிலை வந்தது. செய்திப் பக்கத்தின் நிரலுக்குள்ளேயே, மூல நிறுவனம் எது, எந்த ஊரிலிருந்து எழுதப்பட்டது, உரிமம் என்ன, எந்த நெறிமுறைகளைப் பின்பற்றுகிறார்கள் என்பதைக் கணினிக்கும் புரியும்படி குறித்துவைக்கும் எளிய முறை அது. ஏற்கெனவே இருக்கும் பக்கத்தில் சில அடையாளக் குறிகளைச் சேர்த்தால் போதும். நல்ல யோசனை.

ஆனால் அதே 2009-இல் அசோசியேட்டட் பிரஸ், தன் செய்திகளை யார் எங்கே எடுத்துப் போடுகிறார்கள் என்று கண்காணிக்கும் பதிவேடு ஒன்றையும் அறிவித்தது. அதற்கும் இதே குறிகள்தான் அடிப்படை. வாசகருக்கு உதவும் வெளிப்படைத்தன்மையும் காப்புரிமைக் காவலும் ஒரே பொட்டலமாக வந்ததால், இணைய உலகில் பலர் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இரண்டையும் பிரித்து வைத்திருந்தால் அந்த முயற்சிக்கு நல்ல வரவேற்பு கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

யோசனை வீணாகவில்லை. சர்வதேசப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐபிடிசி 2011-இல் ஆர்நியூஸ் என்ற சொல்தொகுதியைக் கொண்டுவந்தது. தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும், பக்க விவரங்களைக் குறிக்கும் சொற்களின் பொதுப் பட்டியலான ஸ்கீமா.ஆர்க் அதே ஆண்டு அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இன்று ஒரு செய்திப் பக்கத்தில் எழுதியவர், வெளியிட்ட தேதி, கடைசியாகத் திருத்திய தேதி, எழுதப்பட்ட ஊர், எதை அடிப்படையாகக் கொண்டது ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனிப் புலங்கள் (விவரத்தை நிரப்பும் இடங்கள்) இருக்கின்றன. சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் சாலி லெர்மன் தொடங்கிய டிரஸ்ட் புராஜெக்ட், எட்டு நம்பகக் குறியீடுகளை 2017 நவம்பரில் வெளியிட்டது. அதன் தாக்கத்தால் ஸ்கீமாவில் செய்தி, கருத்து, அலசல் என வகை பிரித்துக் காட்டுவதற்கும், உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, திருத்தக் கொள்கை என்ன என்பதற்கும் புலங்கள் சேர்ந்தன. இந்தச் செய்தி ஏன், எப்படி எழுதப்பட்டது என்று சில வரிகளில் சொல்ல 'பேக்ஸ்டோரி' என்ற ஒரு புலமே உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் அதை நிரப்பும் தளங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஏன் நிரப்புவதில்லை? நிரப்பினால் தளத்துக்கு உடனடி லாபம் இல்லை. தேடுபொறிக்குத் தலைப்பு, படம், தேதி போன்றவை இருந்தால் போதும், எனவே அவற்றை மட்டும் எல்லாரும் ஒழுங்காக நிரப்புகிறார்கள். 2010 நவம்பரில் கூகுள் நியூஸ் ஒரு முயற்சி செய்தது. செய்தியை முதலில் கொண்டுவந்தது யார் என்று தளங்களே குறிப்பிடும்படி ஒரு குறியை அறிமுகப்படுத்தியது. வேறொரு தளம் முதலில் கொண்டுவந்திருந்தால், அந்த முகவரியைக் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும். போட்டித் தளத்துக்குப் பெருமை சேர்ப்பதை யாரும் தாமாக முன்வந்து செய்வார்கள் என்று எதிர்பார்த்தது அதிகம்தான். அந்தக் குறி இன்று வழக்கில் இல்லை. பின்னர் 2019 செப்டம்பரில், சொந்தமாக விசாரித்துக் கொண்டுவந்த செய்தியைத் தேடலில் மேலே காட்டத் தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றியதாக கூகுள் அறிவித்தது. இது சரியான திசை. உண்மையைச் சொல்பவருக்கு ஏதாவது பலன் இருந்தால்தான் பழக்கம் நிலைக்கும்.

இதற்கிடையில் புதுச் சிக்கல்கள் வந்து சேர்ந்தன. 2023 ஜனவரியில் சிநெட் என்ற தொழில்நுட்பத் தளம், செயற்கை நுண்ணறிவால் எழுதிய 77 கட்டுரைகளைப் பணப் பிரிவின் 'ஊழியர்கள்' பெயரில் வெளியிட்டிருந்தது தெரியவந்தது. அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மறு ஆய்வில் 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் தளத்தில் சில கட்டுரைகளின் 'எழுத்தாளர்கள்' உலகத்திலேயே இல்லாதவர்கள் என்று ஃபியூச்சரிசம் இதழ் அம்பலப்படுத்தியது. அவர்களுடைய புகைப்படங்கள் கணினி உருவாக்கிய முகங்கள். வெளி நிறுவனம் ஒன்று கொடுத்த உள்ளடக்கம் என்று பதிப்பகம் விளக்கம் சொன்னது. வாசகரைப் பொறுத்தவரை அந்த விளக்கத்தால் என்ன பயன்? பெயர், படம், சிறு வாழ்க்கைக் குறிப்பு என்று வெளிப்படைத்தன்மையின் அடையாளங்கள் அத்தனையும் இருந்தன, உள்ளே ஆள்தான் இல்லை.

இன்னொரு பக்கம், தளத்தையே போலியாகச் செய்பவர்கள். டாப்பல்கேங்கர் என்று பெயரிடப்பட்ட ரஷ்யச் சார்புப் பிரசாரத்தை 2022-இல், பொய்ப் பிரசாரங்களை ஆராயும் ஈயூ டிஸ்இன்ஃபோலேப் வெளிக்கொண்டுவந்தது. டெர் ஷ்பீகல், பில்ட், தி கார்டியன் உட்படப் பல ஊடகங்களின் தளங்களை அச்சு அசலாக நகலெடுத்து, முகவரியின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றி, பொய்ச் செய்திகளை ஓடவிட்டிருந்தார்கள். பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நகலெடுப்பவர் எழுதியவர் பெயரையும் சேர்த்தே நகலெடுத்துவிடுவார்.

இங்கேதான் டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படுகிறது. அடோபி, ஆர்ம், பிபிசி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், ட்ரூபிக் ஆகியவை சேர்ந்து 2021 பிப்ரவரியில் சி2பிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அது வகுத்த முறைப்படி, புகைப்படம் எடுக்கும்போதே கேமரா அதில் ஒரு கையொப்பத்தைச் சேர்க்கும். பிறகு இந்த முறையை ஏற்கும் மென்பொருளில் வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் அந்த மாற்றமும் பதிவாகும். யாராவது இடையில் புகுந்து மாற்றினால் கையொப்பம் பொருந்தாமல் காட்டிக்கொடுக்கும். 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி, இந்த வசதி உள்ளேயே அமைந்த முதல் கேமரா. பலவீனம் என்னவென்றால், சமூக ஊடகங்களில் படத்தை ஏற்றும்போது இந்த உள்விவரங்கள் பெரும்பாலும் கழன்று விழுந்துவிடுகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ எதுவுமே மிஞ்சாது. அதனால் விவரம் இல்லாத படமெல்லாம் போலி என்று முடிவுகட்டவும் கூடாது. கையொப்பம் இருந்தால், இது இன்னாரிடமிருந்து வந்தது என்று தெரியும். அவர் சொல்வது உண்மையா என்பதைக் கையொப்பம் சொல்லாது. விற்பவர்கள் சில நேரம் இந்த வேறுபாட்டை மழுப்பிவிடுகிறார்கள்.

அப்புறம், சிறிய தளம் நடத்துபவர் என்ன செய்யலாம் என்ற பகுதிக்கு வருகிறேன். பெரிய நிறுவனம் வேண்டாம், பணமும் அதிகம் தேவையில்லை.

முதல் வேலை, செய்தி உள்ளிடும் படிவத்தில் "இந்தச் செய்தி எதிலிருந்து?" என்று ஒரு கட்டாயப் புலம் வைப்பது. நேரில் சேகரித்தது, தொலைபேசியில் விசாரித்தது, ஏஜென்சி, செய்திக்குறிப்பு, ஆவணம், வேறு ஊடகம் என ஐந்தாறு தேர்வுகள் போதும். நிரப்பாமல் செய்தி வெளியாகக் கூடாது. இதை நிருபர் அனுப்பும்போதே நிரப்ப வேண்டும். மூன்று பேர் கை மாறிய பிறகு, செய்தியைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கில் இருப்பவருக்கு மூலம் எதுவென்று தெரிய வாய்ப்பில்லை. நிரப்பியதை வாசகர் பார்க்கும் இடத்தில், தலைப்புக்குக் கீழேயே, சாதாரணச் சொற்களில் காட்டுங்கள். "அமைச்சகத்தின் செய்திக்குறிப்பின் அடிப்படையில் எழுதப்பட்டது, தனியாகச் சரிபார்க்கப்படவில்லை" என்று ஒரு வரி. இப்படி எழுதினால் மதிப்பு குறைந்துவிடும் என்று ஆசிரியர்கள் பயப்படுவார்கள். ஆனால் இது அந்தச் செய்தியை அதன் சரியான இடத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். கூடவே, நீங்கள் உண்மையிலேயே விசாரித்து எழுதும் செய்தியின் மதிப்பை வாசகர் அடையாளம் காணவும் அதுவே வழிசெய்கிறது.

'செய்திப் பிரிவு', 'நமது நிருபர்' என்ற பொதுப் பெயர்களைப் போட வேண்டிய கட்டாயம் பல இடங்களில் இருக்கும். போடலாம். ஆனால் அதைத் தட்டினால், யார் பொறுப்பாசிரியர், எப்படித் தொடர்புகொள்வது என்ற பக்கத்துக்குப் போக வேண்டும். செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்த்ததோ சுருக்கியதோ இருந்தால் அதையும், எந்த மனிதர் பார்த்துச் சரிசெய்தார் என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள். தட்டினால் மட்டும் தெரியும்படி ஒளித்துவைப்பது சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

திருத்தங்களை மறைக்காதீர்கள். இணையத்தில் செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றுவது மிக எளிது. நாளிதழ்களின் இணையச் செய்திகள் வெளியான பிறகு எப்படியெல்லாம் மாறுகின்றன என்று பதிவுசெய்து காட்ட 2012-இல் நியூஸ்டிஃப்ஸ் என்ற தளம் தொடங்கப்பட்டபோது, அந்த மாற்றங்களின் அளவைக் கண்டு பலர் வியந்தார்கள். எழுத்துப்பிழைக்குக் குறிப்புத் தேவையில்லை. எண், பெயர், குற்றச்சாட்டு, தலைப்பின் பொருள் மாறினால் என்ன மாறியது, எப்போது மாறியது என்று கீழே ஒரு வரி வேண்டும். முதலில் வெளியிட்ட தேதியை அழித்துப் புதிய தேதி போட்டு, பழைய செய்தியைப் புதிதுபோலக் காட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். யுனைடெட் பங்குகளுக்கு நேர்ந்ததைத் தெரிந்தே செய்வது அது.

வேறு தளம் கொண்டுவந்த செய்தியை எடுத்தால், பெயரைச் சொல்வதோடு நிற்காமல் அந்தக் குறிப்பிட்ட பக்கத்துக்கே இணைப்புக் கொடுங்கள். அவர்களும் வேறொருவரிடமிருந்து எடுத்திருந்தால், சங்கிலியின் முதல் கண்ணிவரை போய்ப் பாருங்கள். இந்தத் தேடலுக்குப் பல நேரம் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களில் செய்தியே பொய் என்று தெரிந்துவிடுவதும் உண்டு. ஸ்கீமா குறிகளை இதற்குப் பிறகு சேர்த்தால் போதும். உள்ளே தகவல் இருந்தால் நிரலில் அதைக் காட்டுவது ஒரு நாள் வேலை, தகவல் இல்லாமல் குறி மட்டும் வைப்பதில் பலன் இல்லை.

ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். எல்லா மூலங்களையும் வெளியே சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னதற்காக நிருபர்கள் கொல்லப்படும் இடங்கள் இருக்கின்றன. அங்கே பெயர் போடு என்று கட்டாயப்படுத்துவது அவர்களைக் காட்டிக்கொடுப்பதாகும். தகவல் கொடுத்தவர் வேலையை இழக்கலாம், சிறைக்குப் போகலாம். வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் அரசுகள் நிருபர்களின் பட்டியல் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கீமாவிலேயே இதற்கும் இடம் இருக்கிறது: பெயரில்லா மூலங்களை எப்போது ஏற்போம், எழுதியவர் பெயரை எப்போது போடமாட்டோம் என்பதற்கான கொள்கைப் பக்கங்களைச் சுட்ட இரண்டு தனிப் புலங்கள். பெயரை மறைக்கும்போது, மறைத்திருக்கிறோம் என்பதையும் அதற்கான காரணத்தின் பொது வடிவத்தையும் வாசகரிடம் சொன்னால் போதும். "பாதுகாப்புக் காரணங்களால் நிருபரின் பெயர் வெளியிடப்படவில்லை. ஆசிரியர் குழுவுக்கு அவர் யாரென்று தெரியும், அவர் தந்த ஆவணங்களைப் பார்த்திருக்கிறோம்" என்ற அறிவிப்பைப் படிக்கும் வாசகர் எதையும் இழப்பதில்லை. அந்தப் பெயருக்குப் பதிலாக ஆசிரியர் குழு பொறுப்பேற்று முன்னால் நிற்கிறது. ஏதாவது தவறானால் யாரிடம் போய்க் கேட்பது என்று வாசகருக்குத் தெரியும்.